கீழ்த்தளத்தில் டவர் வந்த நாள்

எங்கள் ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் பிரிவில் எனக்குப் பெயர் ‘குக்கர்’. மேசையில் எனக்கு எதிரே நின்று விரிப்பு மடிப்பவளுக்கு ‘ஃபிரிட்ஜ்’. இரண்டு பெயரையும் வைத்தது இஸ்திரி மெஷின் ஓட்டும் அண்ணன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், வந்தால் விசிலடிக்காமல் அடங்காது என்று அவருக்கு ஒரு எண்ணம். எண்ணம் சரிதான்.

ஃபிரிட்ஜ் அக்காவுக்கு வயது நாற்பத்தாறு. பத்தொன்பது வருஷமாக அந்தக் கீழ்த்தளத்தில் இருக்கிறாள். கல்யாணம் ஒன்று நடந்து, ஒரே வருஷத்தில் பெட்டியோடு திரும்பி வந்தவள். வார்டிலிருந்து யாராவது, ரத்தக் கறை போகவில்லை என்று விரிப்பைக் கொண்டுவந்து அவள் முன்னால் வீசினால், குனிந்து எடுத்து மறுபடி ஊறப் போடுவாள். நானாக இருந்தால் வீசினவளையே ஊறப் போட்டிருப்பேன். எப்படி அக்கா உனக்குக் கோபமே வருவதில்லை என்று ஊரே கேட்கும். காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் கீழ்த்தளத்தில் சுவர்கள் அத்தனை தடிமன். போனில் டவர் கிடைக்காது. மதியம் அரை மணி நேர இடைவேளையில், துணி உலர்த்தும் மெஷினுக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட சோப்பு டிரம்மில் உட்கார்ந்து அக்கா மளமளவென்று டைப் செய்வாள். ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டேன். வாய் கூசும் வார்த்தைகள். எனக்கே சில வசவுகள் புதிது. அவள் பதறவில்லை.

“இங்கேருந்து அனுப்பினாலும் போகாது. பக்கத்துல ஒரு கடிகாரக் குறி நிக்கும். டீ குடிச்சு முடிக்கிறவரைக்கும் நிக்கட்டும்னு விட்டுடுவேன். அப்புறம் அழிச்சுட்டு மேலே போவேன். மனசு காலியாயிடும்.”

அந்த வசவெல்லாம் வெளியூரில் இருக்கும் தம்பிக்கு. பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகப் படுக்கையில் கிடக்கும் அப்பாவை அக்காதான் பார்த்துக்கொண்டாள். காலையில் துடைத்து, ஊட்டி, தண்ணீரும் போனும் தலைமாட்டில் வைத்துவிட்டு வருவாள். நடுவில் கீழ்வீட்டுத் தையல்காரம்மா ஒருதரம் எட்டிப் பார்ப்பார். தம்பி தினமும் குடும்பக் குரூப்பில் பூப்படம் அனுப்புவான். கோபத்தை விடுங்கள், பெற்றோரே தெய்வம், இப்படி ஏதாவது எழுதியிருக்கும். கூடவே, அப்பாவுக்குப் பழம் கொடுத்தியா, ஏன் இளைச்சுட்டார் என்று விசாரணை. விடுகிறவனுக்கு என்ன, விரல் நோகாது. அந்தக் குரூப்பிலேயே, அவன் பூப்படத்துக்குக் கீழேதான் அக்கா வசவை டைப் செய்வாள்.

ஆனால் அவனைப் பகைத்துக்கொள்ள அக்காவால் முடியாது. ஈரத்துணி மூட்டை தூக்கித் தூக்கி அவளுக்குக் குடல் இறங்கியிருந்தது. ஆபரேஷன் செய்துகொண்டு ஒரு மாதம் பாரம் தூக்காமல் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஒரு மாதம் அப்பாவைத் தன்னோடு வைத்துக்கொள்கிறேன் என்று தம்பி வாக்குக் கொடுத்திருந்தான். தேதியை மூன்று தடவை தள்ளிப் போட்டிருந்தான். ஒரு சொல் தப்பாக விழுந்தால் அதையே சாக்காக வைத்து வராமலே இருந்துவிடுவான். அதனால்தான் சோப்பு டிரம்மும் கடிகாரக் குறியும்.

இனி என் கதைக்கு வருகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அக்கா என் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இருக்கிற பதினைந்து வண்டியில் சக்கரம் இழுக்காத வண்டி அது ஒன்றுதான். நேற்றே சுத்தம் செய்து ஓரமாக வைத்திருந்தேன். கேட்டதற்கு, அவசரத்தில் கவனிக்கவில்லை என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு அவளோடு பேசுவதில்லை என்று முடிவு கட்டினேன். இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, முன்னால் வந்து சேர்த்து, பின்னால் போய் இழுத்து, ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு மடிக்க வேண்டிய வேலை. முகத்தைப் பார்க்காமலே மடித்தேன்.

பத்து மணிக்கு என் பையில் போன் கத்தியது. எடுத்துப் பார்த்தால் நாலு கோடு டவர். முந்தின நாள் மாலை நாங்கள் போன பிறகு, கூரையில் யாரோ ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு ஒரே கொண்டாட்டம். காதில் ஒயரை மாட்டி நெட்டில் பாட்டுக் கேட்டேன். அக்காவின் போன் அவள் வழக்கப்படி அலமாரியில் இருந்தது. சொல்ல வேண்டும் என்று தோன்றியதா என்றால், தோன்றியது. வாய் வரைக்கும் வந்தது. தெரிந்தபோது தெரிந்துகொள்ளட்டும், நானா போய்ப் பேசுவேன் என்று வீம்பு. ஒரு வண்டிச் சக்கரத்துக்காக.

மதியம் அவள் மெஷினுக்குப் பின்னால் போனாள். அன்று காலை அவள் வீட்டிலிருந்து கிளம்பும்போதுதான் தம்பி நாலாவது தடவையாகத் தேதியைத் தள்ளியிருந்தான். டைப் செய்தாள், அனுப்பினாள், போனை மடியில் கவிழ்த்து வைத்துக் கண்ணை மூடி டீ குடித்தாள். அழிக்கப் போனபோது கடிகாரக் குறி இல்லை.

அவள் எழுதியிருந்தது இது: “நீ வர வேணாம். இவர் செத்ததும் சொல்லி அனுப்பறேன், வந்து தூக்கிட்டுப் போ. எப்ப சாவார்னு நானும் நாளை எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

யார் பார்த்தார்கள் என்று பார்த்தாள். தம்பி இன்னும் பார்க்கவில்லை. அப்பா பார்த்திருந்தார். அவர் நடமாடிய காலத்தில் ஆரம்பித்த குரூப் அது. இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை எழுதாதவர் அதில் இருக்கிறார் என்பதையே அவள் மறந்திருந்தாள். அவர் ஒன்று விடாமல் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். அக்கா அழித்தாள்.

அன்று மாலை அவர் வாயைத் திறக்கவில்லை. சோற்றுக்குத் திறந்தார், பேச்சுக்குத் திறக்கவில்லை. அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். மறுநாள் குரூப்பில், இடது கை ஒற்றை விரலால் மகனுக்கு எழுதினார்: “என்னை ஏதாவது முதியோர் இல்லத்தில சேத்துடு. அக்கா பாவம்.” அக்கா எத்தனையோ தடுத்தாள். ஒரு மாதம் பார்த்துக்கொள்ள ஒன்றரை வருஷமாக நேரம் இல்லாதவன் மூன்றே நாளில் எல்லாவற்றையும் போனிலேயே முடித்தான். இல்லத்திலிருந்து வண்டி வந்து அவரை ஏற்றிப் போனது. அவன் வரவில்லை.

அக்காவுக்கு ஒரு மாதம் கிடைத்தது. ஆபரேஷனும் நடந்தது. தையல் பிரித்த அன்றே பஸ் ஏறி இல்லத்துக்குப் போனாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

“இன்னும் கோபமாப்பா?” என்று கேட்டிருக்கிறாள்.

அவர் குழறிக் குழறிச் சொன்னாராம்: “போயிடும்மா. கொஞ்ச நாள் ஆகும்.”

அதற்கு அவருக்கு நாள் இருக்கவில்லை. அவள் பார்த்துவிட்டு வந்த மூன்றாவது வாரம் போய்விட்டார். அன்று விடியற்காலையிலும் தம்பியின் பூப்படம் குரூப்பில் வந்திருந்தது, சினம் தவிர்ப்போம் என்று.

அவள் வேலைக்குத் திரும்பி இரண்டு மாதம் வரை நான் விஷயத்தை விழுங்கிக்கொண்டே திரிந்தேன். கடைசியில் ஒருநாள் மேசையில் வைத்துச் சொல்லிவிட்டேன். டவர் வந்தது காலையிலேயே எனக்குத் தெரியும் அக்கா, உன் மேல இருந்த கடுப்புல சொல்லாம விட்டுட்டேன்.

“தெரியும்” என்றாள். “அன்னைக்கு உன் காதுல பாட்டு ஓடிக்கிட்டிருந்தது. டவர் இல்லாம உனக்கு ஏது பாட்டு? ராத்திரி படுத்து யோசிச்சப்போ புரிஞ்சுது.”

இத்தனை நாளும் தெரிந்தேதான் என் எதிரே நின்றிருக்கிறாள். என் மேல் கோபம் வரவில்லையா என்று கேட்டேன்.

“வருது. காலைல உன் முகத்தைப் பார்த்ததும் வருது. வேலை முடியறவரைக்கும் இருக்கு.”

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிடுவாள், அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.