அத்தை சும்மா இருந்த நேரம்

அத்தையை நினைத்தால் எனக்கு முதலில் முகம் வராது, முதுகுதான் வரும். கச்சிராயபாளையத்துக்கு வெளியே, கரும்புத் தோட்டத்து மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. அதன் விளிம்பில் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ரவிக்கையின் முதுகில் வேர்வை நனைந்து காய்ந்து உப்புக் கோடு விழுந்திருக்கும். கைகள் இரண்டும் மடியில் கிடக்கும். அங்கிருந்து பார்த்தால் கல்வராயன் மலை ரொம்பக் கிட்டத்தில் தெரியும். மழைக்கு முந்தின நாட்களில் இன்னும் ஒரு எட்டு முன்னால் வந்து நிற்கும். அத்தை மலையைத்தான் பார்த்தாரா, அல்லது கண் மட்டும் அந்தப் பக்கம் இருந்ததா, எனக்குத் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்ததிலிருந்து மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் வேளை வரை அந்த இடம் அவருடையது. அவருக்கென்று வேறு எதுவும் அந்த வீட்டில் இருந்ததாக நான் பார்க்கவில்லை.

அவர் என் அப்பாவின் அக்கா. கூட்டுக் குடும்பத்தில் மூத்த மருமகளாக வாழ்க்கைப்பட்டவர். விடிந்தது முதல் அந்த வீட்டில் அவர் பெயரை யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். மாமியாருக்கு வெந்நீர், கொழுந்தனுக்குச் சட்டை, கரும்பு வெட்டாளுங்களுக்குக் கூழ், மாமாவுக்குத் தன் மூக்குமேலேயே இருக்கும் கண்ணாடி. எல்லாவற்றுக்கும் அத்தையிடம் ஒரே பதில்தான்: "வரேன்." அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே அவர் குரல் கம்மிப் போயிருந்தது. நான் கள்ளக்குறிச்சியில் கல்லூரியில் படித்த வருடங்களில் விடுமுறைக்கெல்லாம் அங்கேதான் போவேன். ஒருநாள் அந்த 'வரேன்'களை எண்ணிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்து, காலைச் சாப்பாட்டுக்கு முன்பே எண்ணிக்கை தப்பிப்போய் விட்டுவிட்டேன்.

அவர் சும்மா உட்கார்வதை முதலில் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது பயந்துபோனார்கள். காய்ச்சல் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அத்தை சண்டை போடாமல் அதை விழுங்கிவிட்டு மறுநாளும் போய்த் தொட்டியில் உட்கார்ந்தார். "வூட்ல இத்தினி வேல கெடக்குது, ஒருத்தி மலையப் பாத்துக்கினு குந்திக்கினு இருப்பாளா? இவள இன்னாமோ புடிச்சிக்கிச்சி" என்றார் மாமியார். வேப்பிலை அடித்தார்கள், தலையைச் சுற்றி எலுமிச்சம்பழம் வெட்டிப் போட்டார்கள். ஒரு பெண்பிள்ளைக்குக் கொஞ்ச நேரம் தன்னோடு இருக்க ஆசை வரலாம் என்பது மட்டும் அந்த வீட்டில் யார் புத்திக்கும் எட்டவில்லை. பேய் என்றால் புரிந்தது.

பேயைச் சாமியாக்கியது பக்கத்துத் தோட்டத்தில் களை எடுக்க வந்த ஒருத்தி. குழந்தைக்குச் சுரம் விடவில்லை என்று தொட்டிக்கு எதிரே வந்து நின்று அழுதிருக்கிறாள். அந்த நேரத்தில் யாரும் கூப்பிடக் கூடாது என்ற எரிச்சலில் அத்தை திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போ, சரியாப் போவும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அவளும் போனாள், சரியாகப் போயிற்று. ஊருக்குள் அவள் சொன்ன கதையில் ஆஸ்பத்திரி காணாமல் போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், மலையிலிருந்து வந்த குரலில் "சரியாப் போவும்" என்று சொன்ன ஓர் அம்மா மட்டும் மிஞ்சினார்.

அடுத்த விடுமுறைக்கு நான் போனபோது தொட்டிமேல் கீற்றுப் பந்தல் போட்டிருந்தார்கள். யாரோ ஒரு சூலம் கொண்டுவந்து நட்டிருந்தார்கள். செவ்வாய், வெள்ளி என்று ஆரம்பித்து எல்லா நாளும் ஆள் வந்தது. மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. டவுன் பஸ்ஸில் ஏறினால் எழுந்து இடம் கொடுக்கிறார்கள் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னார். மாமியார் மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டு, "அம்மா, கொழம்புக்குப் புளி கரைச்சிட்டியாம்மா?" என்று கேட்டார். அம்மன் ஆனாலும் புளி அத்தைதான் கரைக்க வேண்டியிருந்தது. எனக்கு அதைப் பார்க்கச் சிரிப்பு வந்தது.

"அத்த, உங்களுக்கு நெசமாவே சாமி வருதா?" என்று ஒருநாள் மாவரைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"சாமியும் இல்ல, பூதமும் இல்ல. சும்மா குந்திக்கினு இருந்தேண்டி."

"அதச் சொல்லிட வேண்டியதுதான?"

"சொன்னேன். சாமி அப்பிடித்தான் சொல்லும்னுட்டாங்க."

சொல்லிவிட்டு மாவைத் தள்ளிக் குழவியைச் சுற்றினார். வெளியே வரும் வழியெல்லாம் அடைத்துவிட்டு, அடைத்தவர்களே கைகூப்பி நிற்பதை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அதிலும் அத்தை ஒரு சந்து கண்டுபிடித்தார். கண்ணை மூடிக்கொண்டால் யாரும் பேச மாட்டார்கள். அம்மன் உள்ளே பேசிக்கொண்டிருக்கிறாள், முடித்துக் கண் திறந்து உத்தரவு சொல்லும்வரை மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று வந்தவர்களே ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். குழந்தை சிணுங்கினால் வாயைப் பொத்தினார்கள். அப்படியாக, அத்தை இழந்த நேரம் வேறு வழியாக அவருக்குத் திரும்பக் கிடைத்தது. நாளாக ஆக அவர் அதிக நேரம் கண்ணை மூடிக்கொண்டார். "உள்ள அமைதியா இருக்குதுடி. யாரும் கூப்புடறதில்ல" என்று என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சந்தோஷம் இருந்தது. அந்தச் சந்தோஷம் எனக்குப் பிடித்திருந்தது. பந்தலுக்குக் கீழே அசையாமல் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்க்கத்தான் பிடிக்கவில்லை.

கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம். அத்தைக்கு டீ எடுத்துக்கொண்டு வரப்போடு போனேன். வழக்கமாக அந்தப் பக்கம் வெட்டாளுங்களின் பேச்சும் பாட்டும் கேட்கும். அன்றைக்கு எதுவும் கேட்கவில்லை. பந்தலில் ஓர் ஆணும் பெண்ணும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் தலையிலும் கரும்புத் தோகைத் தூள். பெண்ணின் தோளில் ஒரு சின்னப் பெண் குழந்தை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. அத்தை அவர்களுக்கு முதுகைக் காட்டிக் கண்ணை மூடியிருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டு அந்த ஆள் திரும்பி, உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடாதே என்று ஜாடை காட்டினான். நானும் நின்றேன். பிறகுதான் குழந்தையின் முகத்தைப் பார்த்தேன். அது தூங்கவில்லை. இமைகள் பாதியில் நின்றிருந்தன, உள்ளே வெள்ளை தெரிந்தது. வாயோரம் எச்சில் ஒழுகித் தாயின் தோளை நனைத்திருந்தது.

"அத்த!" என்று நான் கத்தியதில் டீச் சொம்பு கீழே விழுந்தது. தோகைக்குள் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையை ஏதோ கடித்திருக்கிறது. கட்டுவிரியன் கடி என்று பிறகு சொன்னார்கள்; வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. தூக்கம் வருகிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறது. ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர்கள், வழியில் அம்மா இருக்கிறாரே, ஓர் உத்தரவு கேட்டுவிட்டுப் போவோம் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் கண் திறப்பார் திறப்பார் என்று காத்திருந்திருக்கிறார்கள். வந்தது அத்தைக்குத் தெரியாது. ஒரு சத்தமும் இல்லாமல் அவ்வளவு மரியாதையாக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மாமா வண்டியில் குழந்தையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தார். கள்ளக்குறிச்சி போய்ச் சேருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

ஊர் திரண்டு வந்து அத்தையை ஏசும், பந்தலைப் பிய்த்து எறியும் என்று பயந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காரியம் முடிந்தபின் அந்தத் தாய் பொங்கல் வைக்கப் பானையோடு வந்தாள். அத்தையின் காலில் விழுந்து, "அம்மா, நீ வாயத் தொறக்கல. ஆஸ்பத்திரி வேணான்னு அப்பவே சொல்லிட்ட. நாங்கதான் புரியாம தூக்கிக்கினு ஓடிட்டோம், மன்னிச்சிடு" என்றாள். அத்தை காலை இழுத்துக்கொண்டார். "அய்யோ, நான் சொல்லலடி, எனக்குத் தெரியாதுடி" என்று அவளைப் பிடித்து உலுக்கினார். சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வாயைத் திறக்காவிட்டாலும் உத்தரவுதான் என்று ஆகிவிட்டது. கூட்டம் இரண்டு பங்காயிற்று.

அன்றிலிருந்து பகலில் அத்தை கண்ணை மூடவில்லை. மலைக்கு முதுகைக் காட்டி, வரப்பைப் பார்த்து உட்கார்ந்தார். தூரத்தில் தலை தெரிந்ததுமே, "ஆஸ்பத்திரிக்குப் போ, ஆஸ்பத்திரிக்குப் போ" என்று கூவினார். பெண் பார்க்கப் போகலாமா என்று கேட்க வந்தவருக்கும் அதே பதில்தான். அவர் அதற்கு ஓர் அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டு போனார். வீட்டில் யாராவது கூப்பிடும் முன்பே அத்தை எழுந்து ஓடினார். சாப்பிடும்போது பாதியில் திரும்பிப் பின்னால் பார்ப்பார். "யாராச்சும் சத்தமில்லாம வந்து குந்திட்டாங்கன்னா?" என்பார். எத்தனையோ பேர் தங்கள் நேரத்தை அடுத்தவருக்குக் கொடுத்துக் கொடுத்துத் தேய்ந்து போவதைப் பார்த்திருக்கிறேன். தனக்கென்று எடுத்துக்கொண்ட கொஞ்ச நேரத்துக்கு இப்படி ஒரு தண்டனை கிடைத்தவரை வேறு எங்கும் பார்த்ததில்லை.

இப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். என் போனில் எப்போதும் யாராவது காத்திருக்கிறார்கள். தலைமையாசிரியர், பெற்றோர், என் பிள்ளைகள், ஒவ்வொரு குழுவிலும் பதில் கேட்டு நிற்கும் பத்துப் பேர். சாயங்காலம் போனைக் கீழே வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் உட்கார்வேன். மேற்கே மலை மங்கலாகத் தெரியும். மனசு அடங்கி ஏதோ ஒன்று தெளிய ஆரம்பிக்கும் நேரத்தில், கழுத்துக்குப் பின்னால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருக்கும். திரும்பிப் பார்ப்பேன். யாரும் இருக்க மாட்டார்கள். ஆனாலும் இறங்கிப் போய்ப் போனை எடுத்துவிடுவேன். நேரத்தைப் பங்குபோட்டு வாழ வேண்டும் என்று பிள்ளைகளுக்கு நான் வகுப்பெடுப்பதைக் கேட்டிருந்தால் அத்தை சிரித்திருப்பார்.

போன பங்குனியில் அத்தை படுத்த படுக்கையாகிவிட்டார் என்று போய்ப் பார்த்தேன். பின்கட்டு அறையில் கட்டில். தலைமாட்டில் ஒரு சன்னல். உடம்பு சிறுத்துக் கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. மருந்து கொடுத்தும் தூங்க மறுக்கிறார் என்று மாமா சொன்னார். நான் கையைப் பிடித்துக்கொண்டதும் அத்தை கேட்டது ஒன்றுதான்.

"பின்னாடி யாராச்சும் நிக்கிறாங்களா, பாரு."

எட்டிப் பார்த்தேன். சன்னலுக்கு வெளியே ஒரு பெண் நின்றிருந்தாள். தோளில் ஒரு குழந்தை அசையாமல் சாய்ந்திருந்தது.

"யாரும் இல்ல அத்த. தூங்குங்க."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு அத்தை கண்ணை மூடினார். மூச்சு சீராகும்வரை இருக்க எனக்குப் பொறுமை இல்லை. பின்கதவு வழியாக ஓடிக் குழந்தையின் நெற்றியைத் தொட்டு, இமையைத் தூக்கிப் பார்த்தேன். அது வீரிட்டு அழுதது. அவ்வளவு இனிமையான அழுகையை நான் கேட்டதே இல்லை.

"கொழந்தைக்கு ஒண்ணும் இல்லக்கா, தூங்குது" என்றாள் அவள். மலையிலிருந்து இறங்கி வந்தவள். "எங்க வூட்டுக்காரர ஆந்திராப் பக்கம் செம்மரம் வெட்டக் கூப்புடறாங்க. அனுப்பலாமா வேணாமான்னு அம்மாகிட்ட கேக்க வந்தேன். நாளைக்கு வண்டி வருதாம்."

அந்த வேலைக்குப் போய்த் திரும்பாதவர்கள் அவள் ஊர்ப்பக்கம் உண்டு. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அம்மா தூங்குகிறார், அப்புறம் வா என்று நான் சொன்னாலும், ஒன்றும் சொல்லாமல் நின்றாலும், அதை ஓர் உத்தரவாக எடுத்துக்கொண்டு இவள் மலையேறுவாள்.

"அனுப்பாத" என்றேன். "எவன் வந்து கூப்பிட்டாலும் அனுப்பாத."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் தடுப்பதற்குள் குனிந்து என் காலைத் தொட்டாள். வேலிப் படலருகே இன்னொரு பெண் தயங்கி நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். இவள் போகிற போக்கில் அவளிடம் மெல்லச் சொன்னாள்:

"அவங்க தூங்கறாங்க. இவங்க சொல்றாங்க, போ."

அந்தப் பெண் செருப்பைக் கழற்றினாள்.