பட்டினி போட்ட பயிர்

எங்கள் சமயநல்லூரில் சுந்தரம்மாள் என்றால் வாயாடி என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பேச வேண்டிய இடத்தில் பேசினவள், அவ்வளவுதான். கூலி வேலைக்குப் போய்ப் பிழைத்த குடும்பம். கல்யாண வீடுகளில் கொல்லைப்புறத்தில் உட்கார வைத்து, மிஞ்சினதைப் போட்டு அனுப்புவார்கள். அந்த ஆத்திரம் அவளுக்குக் கடைசிவரை ஆறவில்லை.

முப்பத்தாறாம் வருஷம் மதுரையிலிருந்து ஸ்யாமளா என்று ஒரு பெண் ரயிலில் வந்து இறங்கினாள். சென்னை யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி செய்கிறவள். சர்க்கார் பணம் கொடுத்திருந்தது. கண்மாய்க்குக் கீழே ஒரு வயலைக் குத்தகைக்குப் பிடித்து, நடுவில் வரப்புப் போட்டு, ஒரு பாதிக்கு உரமாகக் கொளிஞ்சித் தழையைப் போட்டு மிதித்தாள். மறுபாதிக்கு ஒன்றும் போடக் கூடாது என்றாள். காவலுக்குச் சுந்தரம்மாள்.

பயிர் வளர்ந்தது. இரண்டு பாதியும் ஒரே பச்சை. அறுப்புக்கு முன்னால் சென்னையிலிருந்து அதிகாரி வந்து பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு? தழையால ஒரு பலனும் இல்லை. இதுக்கு எதுக்கம்மா இன்னும் சர்க்கார் பணம்?" என்றார்.

ஸ்யாமளாவுக்கு முகம் செத்துப்போயிற்று. பின்னால் நின்ற சுந்தரம்மாளின் கையை அவள் புருஷன் மருது பிடித்து அழுத்தினான். "சும்மா கெட. வேலை போயிரும்."

அவள் கையை உதறினாள். "சாமி, தழை மேல குத்தமில்ல. இந்தப் பக்கத்துக்கு நாந்தான் ஆட்டுப் புழுக்கையை அள்ளிப் போட்டேன். ஒரே வயலு, ஒரே தண்ணி. அதுக்குச் சோத்தைப் போட்டு இதைப் பட்டினி போடுறது பந்தி வஞ்சனை இல்லையா? மனசு கேக்கல."

அதிகாரிக்குக் கோபம் வந்தது. "இன்னொரு வருஷம் பணம் தரச் சொல்றேன். ஆனா காவலுக்கு வேற ஆளைப் போடுங்கோ."

"வேற ஆள் வேண்டாம் சார்," என்றாள் ஸ்யாமளா. "வேற ஆளா இருந்தா, நடந்தது நமக்குத் தெரிஞ்சே இருக்காது."

அவர் போனபின் ஸ்யாமளா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இது பசியோட கெடந்தாத்தான் சுந்தரம்மா, அது சாப்பிட்டதோட பலன் தெரியும். தெரிஞ்சா எல்லார் வயலுக்கும் சொல்லலாம்."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல தாயி?" என்று சுந்தரம்மாள் அவள் மேலேயே பாய்ந்தாள்.

அடுத்த போகத்தில் அவள் காத்த காவலை ஊரே பார்த்தது. ஆடு தழை போடாத பக்கம் திரும்பினாலே கம்போடு ஓடுவாள். மேய்ந்துவிடும் என்றல்ல, புழுக்கை போட்டுவிடும் என்று! அந்தப் பாதியில் பயிர் மஞ்சளடித்துச் சோனியாக நின்றது. அவள் நாத்தனார் அன்னக்கொடி வரப்பில் நின்று, "என்ன மதினி, கைராசி போயிருச்சா?" என்று சிரித்தாள். நட்ட பயிர் எல்லாம் தழைக்கும் கை என்று பேர் வாங்கினவள் சுந்தரம்மாள். அந்தச் சொல் அவளைச் சுட்டது. ஆனாலும் ஒரு கூடை எருகூட அந்தப் பக்கம் போகவில்லை.

அறுப்புக்கு அதிகாரி மறுபடி வந்தார். ஸ்யாமளா அவரைச் செழித்த பாதிக்கு அழைத்துப் போகப் பார்த்தாள். சுந்தரம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"அங்கிட்டு அப்புறம் போகலாம் சாமி. மொதல்ல இங்கிட்டு வாங்க. இதுதான் நான் காத்த பயிரு."

அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கினார். ஒரு கதிரைப் பிடித்துக் கசக்கிப் பார்த்தார், பாதி பதர். வரப்பைத் தாண்டி அந்தப் பக்கத்துக் கதிரையும் கசக்கினார். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"சர்க்கார் பணம் இனிமே நிக்காதம்மா," என்று ஸ்யாமளாவிடம் சொன்னார். பிறகு சுந்தரம்மாளைப் பார்த்து, "நல்லாப் பட்டினி போட்டிருக்கே," என்றார்.

அன்னக்கொடி உட்பட ஊரே அங்கே நின்றுகொண்டிருந்தது. விளைச்சலைக் காட்டி மார்தட்டினவர்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர். விளையாத வயலைக் காட்டித் தலைநிமிர்ந்து நின்றவள் எங்கள் சுந்தரம்மாள் ஒருத்திதான்.