அப்பாவுக்குச் சொல்லாத ஆறு நாட்கள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சின்னக் கலவரம். பெரிய விஷயமில்லை, தேநீர்தான். அம்மா தேநீர் ஊற்றி வைத்துவிட்டு அப்பாவை மூன்று தரம் கூப்பிட்டார். அப்பா வாசலில் மீன்காரரோடு கதையில் நின்றார். அவர் உள்ளே வந்தபோது தேநீர் ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிட்டது.

"மூண்டு தரம் கூப்பிட்டு வரல்ல எண்டு நான் ஏன் கவலப்படணும்? ஆறு நாள் ஆள் விட்டுக் கூப்பிட்டும் வராத மனுசன்தானே நீங்க," என்றார் அம்மா.

மாதத்துக்கு ஒரு தரமாவது இந்த வசனம் எங்கள் வீட்டில் ஒலிக்கும். என் கணவர் வழக்கம்போல் சிரித்தார். ஆறு வயது மகன்தான் புதிதாக ஒன்று கேட்டான்: "ஏன் அம்மப்பா வரல்ல?"

"மறந்து போச்சு மனே," என்று அப்பா ஆறிய தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

நான் சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பது? அந்த ஆறு நாள் கதையில் ஒரு குற்றவாளி உண்டு. அது அப்பா இல்லை... இந்தப் பத்தியை எழுதுகிறவள்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. ஆகஸ்ட் விடுமுறை. தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று வீட்டுக்குள்ளேயே மண்ணை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தது. அப்பா ஒருநாள் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்து, என் அக்காவை மாமியின் மகனுக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அம்மாவிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

"எண்ட புள்ளக்கி நீங்க தனிய மாப்பிள்ள பேசுவீங்களா? இது எண்ட அம்மா எனக்குத் தந்த வீடு. இந்த வீட்டுக்குள்ள யார் மாப்பிள்ளயா வாற எண்டு எனக்கும் தெரியணும்."

அவ்வளவுதான். அப்பா இரண்டு சாரத்தையும் ஒரு சட்டையையும் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

வேறு ஊர் வாசகர்களுக்கு ஒரு விஷயம். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடித்த ஆண் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வருவார். ஆகவே சண்டையென்றால் வெளியே போகிறவரும் அவர்தான். போனவர் தானாகத் திரும்பி வந்து கதவைத் தட்டுவது மரியாதைக் குறைவு. வீட்டுக்காரி கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் வராமல் இருப்பதும் மரியாதைக் குறைவுதான். எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

அப்பா போனது வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் மாமியின் வயலுக்கு. வேளாண்மை வெட்டுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. வயலின் நடுவே இருந்த வாடியில், அந்த ஓலைக் குடிலில், காவல் என்று தங்கிக்கொண்டார். அவருடைய ஃபோன் சார்ஜ் போட வழியில்லாமல் இரண்டாம் நாளே செத்துவிட்டது. மூன்றாம் நாள் அம்மா சோறு கட்டி என் கையில் தந்தார்.

"கோவம் மனுசனோட. வயித்தோட இல்ல," என்றார்.

மாமியின் சமையல் எப்படியென்று அம்மாவுக்கு நன்றாகவே தெரியும்.

இப்படித்தான் நான் தினமும் மத்தியானப் பாதையில் ஏறினேன். பாதை என்றால் ரோடு இல்லை. ஆட்களையும் சைக்கிள்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற தட்டையான மிதவையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அக்கரை சேர ஒரு பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் கஜன் இருந்தான்.

கஜன் அக்கரைப் பையன். ஏ.எல். ரியூசனுக்குக் காலையில் எங்கள் பக்கம் வந்து மத்தியானம் திரும்புகிறவன். முதல் நாள் என் சைக்கிள் சாய்ந்தபோது பிடித்தான். இரண்டாம் நாள், "சாப்பாடு ஆருக்கு?" என்று கேட்டான். மூன்றாம் நாள் கணக்குக் கொப்பியில் கிழித்த தாளில் நாவற்பழம் சுற்றிக்கொண்டு வந்தான். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. ஆகவே கொஞ்சம் கிட்ட நின்றுதான் பேச வேண்டும். எஞ்சினுக்கு மனதுக்குள் எத்தனை தரம் நன்றி சொல்லியிருப்பேன்!

என்ன பேசினோம்? சத்தியமாக ஒன்றுமில்லை. அவனுக்குப் பௌதிகவியல் ஏறாது. எனக்கு முட்டைப் பொரியல் சரியாக வராது. இதைப் போய் யாராவது காதல் என்பார்களா? ஆனால் வீட்டில் அம்மா முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், அக்கா அறைக்குள் அழுதுகொண்டிருந்தாள், அப்பா வயலில். உலகத்தில் என்னைப் பார்த்ததும் முகம் மலர்கிற ஓர் ஆள் அந்த மிதவையில் மட்டும்தான் இருந்தான். பதினாறு வயதுக்கு அது போதும். இப்போதும்கூடப் போதும் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு வாரம் போனது. அடுத்த நாள், சோற்றுப் பார்சலைத் தரும்போது அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அப்பாவ வரச் சொல்லு. அக்காட கதயப் பிறகு பாப்பம்."

எவ்வளவு பெரிய வார்த்தை அது! அம்மா இறங்கி வந்துவிட்டார். நான் துள்ளிக்கொண்டுதான் துறைக்குப் போனேன். பாதையில் ஏறியதும் கஜனிடமும் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவன் கேட்டான்: "நாளைக்கும் வருவீங்கதானே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா வீட்டுக்கு வந்தால் யாருக்குச் சோறு கொண்டு போவது? எதற்குப் பாதை ஏறுவது?

"ஓம், வருவன்," என்றேன்.

வாடியில் அப்பா கையைக் கழுவிக்கொண்டே, "அம்மா என்ன சொன்னா?" என்று கேட்டார்.

"ஒண்டும் சொல்லல்ல."

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார், "அப்பா என்ன சொன்னார்?"

"ஒண்டும் சொல்லல்ல."

ஒரே பதில். இரண்டு கரைக்கும் ஒரே பொய். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பொய் சொல்கிற எல்லோரும் அப்படித்தானே நினைக்கிறார்கள்?

அம்மா மறுநாளும் சொல்லி அனுப்பினார். அதற்கடுத்த நாளும். மூன்றாம் நாள் சோற்றோடு இறால் பொரியல் வைத்தார். அப்பாவுக்கு இறால் என்றால் உயிர். பார்சலைப் பிரித்த அப்பா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "வேற ஒண்டும் சொல்லல்லயா புள்ள?" என்று கேட்டார். நான் இல்லையென்று தலையாட்டினேன். அன்றைக்கு அவர் பாதிச் சோற்றைக் காகத்துக்குப் போட்டார். நான் அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, அடுத்த நாள் கஜன் விளாம்பழம் கொண்டு வருவதாகச் சொன்னதை நினைத்துக்கொண்டேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாம் நாள் அம்மா, "இவ்வளவு ரோசமா அந்த மனுசனுக்கு?" என்று அடுப்படியில் குந்தியிருந்து அழுதார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

ஆறு நாளும் முடிந்தது. ஏழாம் நாள் மத்தியானம் அம்மா சேலை கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். "நானும் வாறன்."

பாதையில் கஜன் என்னைப் பார்த்துச் சிரித்து, பக்கத்தில் அம்மாவைப் பார்த்து, சைக்கிளோடு அந்த ஓரத்துக்குப் போய்விட்டான். அவனுக்குப் பயம் அம்மாவை நினைத்து. எனக்குப் பயம் அக்கரையை நினைத்து. வரம்பில் அம்மா முன்னால் நடந்தார். நான் நாலு அடி பின்னால் போனேன்.

வாடி வாசலில் அப்பாவைக் கண்டதும் அம்மா கேட்டார்: "ஆறு நாளா புள்ளய விட்டுக் கூப்பிடுறன். என்ன நினைச்சிட்டு இரிக்கிங்க?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்பா பார்வையைத் திருப்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"ஓம். புள்ள சொன்னதுதான். எனக்குத்தான் மனம் வரல்ல."

அம்மா வரம்பிலேயே குந்திவிட்டார். பிறகு எழுந்து, அப்பாவின் பையைத் தானே எடுத்து என் கையில் தந்தார். மூன்று பேரும் அடுத்த பாதையில் திரும்பினோம்.

மிச்சக் கதை சுருக்கமானது. எனக்குப் பாதை ஏறக் காரணமில்லாமல் போனது. பாடசாலை தொடங்கியது. கஜன் எங்கள் பாடசாலை வாசலில் இரண்டு நாள் நின்றான், மூன்றாம் நாள் நிற்கவில்லை. இப்போது எங்கோ வெளிநாட்டில் இரண்டு பிள்ளைகளோடும் அரை வழுக்கையோடும் நன்றாக இருப்பதாக முகநூல் சொல்கிறது. அக்காவின் கதையைச் சொன்னபடியே பிறகு பேசினார்கள். அந்த மச்சானை அவளுக்கே பிடிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதுவரை அவளிடம் ஒருவரும் கேட்டிருக்கவில்லை!

அம்மாவின் மனதில் மட்டும் அந்த ஆறு நாள் அப்படியே நின்றுவிட்டது. தான் இறங்கி வந்து ஆள் விட்டுக் கூப்பிட்டும் மதிக்காத மனுசன் என்று. கல்யாண வீடுகளில் மாமாமார் இதைச் சொல்லி அப்பாவைக் கேலி செய்வார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

முதல் காதலைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் அது வலிக்கும் என்று எழுதுகிறார்கள். யாருக்கு வலிக்கும் என்று ஏனோ எழுதுவதில்லை.

போன ஞாயிறு பின்னேரம், அப்பா கிணற்றடியில் கால் கழுவும்போது பக்கத்தில் போய் நின்றேன். பதினைந்து வருடத்தில் முதல் தரமாகக் கேட்டேன்.

"ஏன் அப்பா அண்டைக்கு அப்பிடிச் சொன்ன நீங்க?"

எதை என்று அவர் கேட்கவில்லை.

"ஒவ்வொரு நாளும் நாக்கெல்லாம் நாவல் நிறமா வந்து நிண்ட நீ. பாதையில ஆரோ பழம் தாறான் எண்டு எனக்கு விளங்காதா? அம்மாக்குத் தெரிஞ்சா உண்ட படிப்ப நிப்பாட்டியிருப்பா. எனக்கெண்டா என்ன... ஏசிட்டுச் சோறு போடுவா."

"பதினஞ்சு வருசமா ஏச்சு வாங்குறீங்களே அப்பா."

"சோறும்தானே போடுறா," என்றார்.

நான் அழுதேன். முப்பத்தொரு வயதில், கிணற்றடியில், மகன் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருக்க. அந்த விடுமுறையில் ஒரு பையன் எனக்காகப் பழம் பறித்து வந்தான். ஒரு மனுசன் எனக்காகத் தன் மனைவியிடம் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டார். எது காதல் என்று தெரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

அம்மாவிடம் நேரில் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை. ஆனால் பேப்பர் வந்ததும் கண்ணாடியைத் தேடி எடுத்து இந்தப் பக்கத்தைத்தான் முதலில் வாசிப்பார். ஆகவே இந்த வாரம் மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும், கடைசி இரண்டு வரி ஒரே ஒருவருக்கு.

அம்மா, நீங்கள் கூப்பிட்டது அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முதல் நாளே, சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்திருப்பார்.