நான் சேர்த்த கேள்வி

நான் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தை என்ன செய்வது என்று எங்கள் வீட்டில் ஒரு நெற்போகம் முழுக்கக் கதை நடந்தது. நான் வங்கியில் போடுவோம் என்றேன். என் கணவர் கம்பனிப் பங்குகள் வாங்குவோம் என்றார். மனிதர் ஒட்டுசுட்டானில் வயல் செய்கிறவர். புதுக்குடியிருப்புச் சந்தையில் கால் கிலோ கத்தரிக்காய் வாங்குவதற்கே ஒவ்வொரு காயாகப் புரட்டிப் பார்ப்பார். வியாபாரிகள் இவரைக் கண்டால் வேறுபக்கம் பார்ப்பார்கள். இவரா கண்ணால் காணாத கம்பனியை வாங்கப் போகிறார் என்று எனக்குச் சிரிப்பு. காசு என்னுடையது என்பதால் பயமும்தான்.

கத்தரிக்காய்க் குணம் கம்பனிக்கும் போனது. கைத்தொலைபேசியில் பங்கு வாங்குவது பற்றிய விளக்கங்கள் கேட்டு, கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதிக்கொண்டார். கடன் எவ்வளவு? லாபம் தொடர்ந்து வருகிறதா? நடத்துகிறவர்கள் நாணயமானவர்களா? செய்கிற சாமான் சனத்துக்கு எப்போதும் வேண்டியதா? ஒன்றில் தவறினாலும் கம்பனி வெளியே. ஒரு தலைவர் தன் மருமகனை இயக்குநராக்கினார் என்பதற்காக அந்தக் கம்பனியையே தள்ளிவிட்டார். மூக்கு நுனியில் கண்ணாடியோடு அவர் ஆண்டறிக்கை படிக்கிற அழகுக்காகவே நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

"கலியாணத்துக்கு முதல் என்னை இவ்வளவு விசாரிச்சனீங்களோ?"

"உம்மைக் கண்ட உடனை பிடிச்சுப்போச்சு. அப்பிடிப் பிடிச்சுப்போய்ப் பங்கு வாங்கக் கூடாதெண்டுதான் சொல்லுகினம்."

கடைசியில் குளிக்கிற சவர்க்காரம் செய்கிற ஒரு கம்பனி எல்லாக் கேள்விகளிலும் தேறியது. பங்குக் கணக்குத் திறக்கும் படிவத்தை என்னிடம் நீட்டினார். எனக்குக் கையொப்பம் வைக்க மனம் வரவில்லை.

"என்ர கேள்வி ஒண்டும் இருக்கு. திரும்ப ஒருக்கா ஓட வேண்டி வந்தா, இதைக் கொண்டு போகலாமோ?"

அவர் சிரிக்கவில்லை. போர்க்காலத்துக் கடைசி இடப்பெயர்வில் உழவு இயந்திரம், நெல், பால்மாடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினோம். கொண்டுபோன நகையும் வழியில் அரிசிக்குப் போனது. சனநெரிசலில் நாங்களும் ஆளையாள் தவறவிட்டு, வவுனியாவில் வேறு வேறு முகாம்களில் மாதக்கணக்காகத் தேடித் திரிந்தோம்.

"கொண்டு போகத் தேவையில்லை. கொழும்பிலை எங்கட பேரிலை பதிஞ்சு கிடக்கும்," என்றார்.

"எங்கட எண்டா ஆற்ற பேரிலை?"

"ரெண்டு பேற்ற பேரிலையும். போற வழியிலை ஒருத்தர் இல்லாமப் போனாலும் மற்றவருக்குச் சேரும்."

இதையும் யோசித்து வைத்திருக்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு கண்ணீரும் வந்தது.

"காசு கிடக்கட்டும். இன்னொருக்கா ஓடினா என்ர கையை விடாமல் வருவீங்களோ?"

"ஓம்," என்றார்.

அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நான் கையொப்பம் வைத்தேன்.