முப்பது மீற்றருக்குக் குறைந்தவை

ரொறன்ரோவின் லோறன்ஸ் வீதியில் மேற்கு நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பஸ்ஸில் ஏறியிருக்கலாம். ஆனால் அந்தப் பஸ்ஸில் எப்படியும் தெரிந்த முகம் ஒன்று இருக்கும். பிற்பகல் நான்கு மணி. முதல்நாள் அறைக்கு வந்துபோனவர் ஆறு மணிக்குத் திரும்பி வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் முடிந்த அளவு தூரம் போய்விட வேண்டும் என்பதைத் தவிர என்னிடம் வேறு திட்டம் இருக்கவில்லை. பையில் இரண்டு சட்டை, சவரக்கத்தி, அகதி விசாரணைக்கு வரச்சொல்லி வந்த கடிதம். முகவரி மாறினால் உடனே அறிவிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அறிவிப்பதற்குப் புதிய முகவரி என்று ஒன்றும் இல்லை.

அதுவரை வெக்ஸ்போர்ட்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில், என் வயதுக்காரன் ஒருவனோடு அறையைப் பகிர்ந்து இருந்தேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு வரை. பிறகு ஒரு சரக்குக் கப்பல், பாங்கொக்கில் ஒரு சமையலறை, மொஸ்கோவில் ஒரு குளிர்காலம். ரொறன்ரோவில்தான் ஒரு வருடத்துக்கு மேல் ஓரிடத்தில் நின்றேன். இங்கே வந்த இரண்டாம் குளிர்காலத்தில் வேலை நின்றுபோனது. அறைக்கூட்டாளி கணக்கியல் படிக்கவென்று பழைய கொம்பியூட்டர் ஒன்றை வாங்கி, படிக்காமல் விட்டிருந்தான். அவன் வேலைக்குப் போனதும் நான் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவேன்.

விண்ணில் சுற்றும் செய்மதிகள் எடுக்கும் படங்களை ஆராய்வது எப்படி என்று ஆறு வாரப் பாடம் ஒன்று இன்ரநெற்றில் இருந்தது. கட்டணம் இல்லை, சான்றிதழும் கேட்கவில்லை. ஏன் படிக்க விரும்புகிறீர் என்று மட்டும் கேட்டார்கள். வரைபடம் பார்க்கப் பிடிக்கும் என்று எழுதினேன். அது அடிப்படை தெரிந்தவர்களுக்கான உயர்நிலைப் பாடம் என்பது முதல் பாடத்தைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் என் பெயர் பதிவாகிவிட்டது.

ஒரு படம் தொலைபேசிக் கம்பி வழியாக இறங்கி முடிய முக்கால் மணித்தியாலம் ஆகும். இலைகள் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்றைத் திருப்பி அனுப்புகின்றன. அதனால் திரையில் காடு சிவப்பாக இருக்கும். எழுநூறு கிலோமீற்றர் உயரத்தில் இருந்து எடுத்த படம்; ஒரு புள்ளி என்பது நிலத்தில் முப்பது மீற்றர். அதைவிடச் சிறியது எதுவும் தனியாகத் தெரியாது. மூன்றாம் வாரம் ஒரு படத்தில் பதினொரு ஏரிகளைக் குறித்து அனுப்பினேன். அவற்றில் நான்கு மேகத்தின் நிழல். நான் ஒருநாளும் கண்டிராத அந்த ஆசிரியர், தண்ணீர் என்று எழுதமுன் பக்கத்தில் மேகம் நிற்கிறதா என்று பார் என எழுதி, மதிப்பெண்ணைக் குறைத்தார். அங்கே பிழைவிட்டால் அவ்வளவுதான் நடக்கும்.

கடைசிப் பயிற்சிக்கு ஓர் இடத்தை நாங்களே தெரிவு செய்யலாம். அந்த இடத்தின் இரண்டு படங்கள், சில வருட இடைவெளியில் எடுத்தவை, தருவார்கள். ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும். மாறாத நிலம் சாம்பலாகிவிடும். மாறியது மட்டும் வெள்ளையாகவோ கறுப்பாகவோ மேலே வரும். நான் இலங்கையில் எங்கள் பக்கத்துக் கடற்கரையைக் கேட்டேன். அங்கே அப்போதும் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஆசையால் இல்லை. கால்பட்ட நிலமென்றால் நிழலை ஏரி என்று எழுதமாட்டேன் என்று நினைத்தேன்.

படத்தின் பாதியை மேகம் மூடியிருந்தது. மூடாத பாதியில், பற்றைக் காட்டுக்குள், வெள்ளையாக ஒரு கோடு. பதினேழு புள்ளி நீளம், நேர்கோடு. ஆசிரியரிடம் கேட்டேன். தெருவாக இருக்கலாம், அணையாக இருக்கலாம், காடு வெட்டிய பட்டையாக இருக்கலாம், படத்தை வைத்துச் சொல்லமுடியாது என்று பதில் வந்தது. யாராவது அங்கே நேரில் போய்ப் பார்த்தார்களா என்றும் கேட்டிருந்தார்.

அறைக்கூட்டாளிக்கு அந்தக் கோட்டைக் காட்டியது நான் செய்த பிழை. அவன் அதைத் தமிழ்க் கடையில் பகிடியாகச் சொல்லியிருக்கிறான். "எட்டாம் வகுப்புக்கு மேல ஏறாதவன் எழுநூறு கிலோமீற்றர் ஏறி நிண்டு ஊரைப் பாக்கிறான்" என்றானாம். கடையில் எல்லோரும் சிரித்தார்களாம். ஒருவர் சிரிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். கூட்டங்களில் கண்டிருக்கிறேன். அவர் வந்தால் கதிரையில் இருப்பவர்கள் எழும்புவார்கள். அவர் என்ன செய்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. குளிரங்கியைக் கழற்றாமலே கட்டிலின் ஓரத்தில் இருந்தார்.

"தம்பி, உம்மட படத்தில என்னென்ன தெரியும்?"

"முப்பது மீற்றருக்குக் குறைஞ்சது ஒண்டும் தெரியாது அண்ணை. வீடு தெரியாது. ஆள் தெரியாது."

"ஆள் வேண்டாம். கோடு ஒண்டு தெரியுதாமே."

அறைக்கூட்டாளி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது மேகத்தின் நிழலாக இருக்கலாம் என்றேன். சொல்லும்போதே குரல் காட்டிக்கொடுத்தது.

அவர் சிரித்தார். "மேகம் அளவுகோல் வைச்சோ தம்பி நிழல் போடும்?"

உள்பையிலிருந்து மடித்த வரைபடம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். கோட்டை இதில் கீறி வைத்தால் போதும், நாளை ஆறு மணிக்கு வந்து எடுத்துக்கொள்வேன் என்றார். வாசலில் நின்று, விசாரணை எப்போது என்று கேட்டார். அடுத்த மாதம் என்றேன். "எல்லாம் நல்லபடியா முடியும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். 

நித்திரை வரவில்லை. திரையில் இருப்பதைக் காகிதத்துக்கு மாற்றும்போது இரண்டு புள்ளி பிசகுவது சாதாரணம்; பாடத்தில் அதற்கு மன்னிப்பு உண்டு. இரண்டு புள்ளி என்பது அறுபது மீற்றர். அந்தக் காட்டின் விளிம்பில், அறுபது மீற்றருக்குள் நான்கு குடும்பம் இருக்கும். சண்டைக்குப் பயந்து ஓடியவர்கள் வந்து குந்தியிருந்தால் இன்னும் கூட. ஒன்றும் படத்தில் தெரியாது. நான் கீறும் கோடு எந்தத் தரப்பின் கைக்குப் போகும் என்று தெரியாது; அதை நம்பி ஷெல்லோ குண்டோ வந்து விழுந்தால், அதுதான் ஆசிரியர் கேட்ட நேரில் பார்த்தல். கீறியது தெரியவந்தால் விசாரணையில் என்னைத் திருப்பி அனுப்புவார்கள். கீறாவிட்டால் அவர் என்ன செய்வார் என்று தெரியாது. தெரியாததுதான் கூடுதல் பயமாக இருந்தது.

மறுநாள் அறைக்கூட்டாளி வேலைக்குப் போனதும் இரண்டு படங்களையும் அழித்தேன். கழித்து எடுத்ததையும் ஆசிரியரின் கடிதங்களையும் அழித்தேன். அழித்ததை மீட்க வழி உண்டென்று கேள்விப்பட்டிருந்தேன், எப்படித் தடுப்பதென்று தெரியாது. பயிற்சியை அனுப்பக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அனுப்பினால் சான்றிதழ் வரும். அனுப்பினால் கோடு இன்னொருவர் கைக்குப் போகும். அண்ணை விட்டுப்போன வரைபடத்தை விரித்துக்கூடப் பார்க்காமல் மேசையிலேயே விட்டேன். கதவைப் பூட்டியபோதுதான், ஆறு மணிக்கு அதைத் திறக்கப்போகிறவன் அறைக்கூட்டாளி என்பது உறைத்தது. ஆனாலும் நடந்தேன்.

டொன் மில்ஸ் சந்தியில் ஒரு கோப்பிக் கடை. ஆறரைக்கு அங்கிருந்த தொலைபேசியில் அறைக்கு எடுத்தேன்.

"எங்கயடா நிக்கிறாய்?" என்றான். குரல் தாழ்ந்திருந்தது. "அண்ணை வந்திருக்கிறார். தேத்தண்ணி குடிக்கிறார். போனைக் குடுக்கட்டோ?"

"உனக்கு ஒண்டுமில்லையே?"

"எனக்கென்ன. உன்னைத்தான் கேக்கிறார்."

பின்னால் கோப்பை ஒன்று மேசையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. நான் போனை வைத்துவிட்டேன்.

இரவு ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், வீடில்லாதவர்களுக்குப் போட்டிருந்த கட்டிலில் படுத்தேன். விடிய வாசலில் நாட்கூலிக்கு ஆள் ஏற்றும் வான் வந்து நின்றது. என்ன வேலை என்று கேட்காமல் ஏறினேன். நகரத்தின் மேற்கு அந்தத்தில் பாண் சுடும் பேக்கரித் தொழிற்சாலை. திரும்பி வரும் பிளாஸ்டிக் தட்டுகளைச் சுடுதண்ணீரால் அடித்துக் கழுவி அடுக்க வேண்டும். எனக்குக் கிடைத்த இடம் லொறிகள் வந்து நிற்கும் வாசலுக்கு நேரே. அந்தக் கதவு கீழிருந்து மேலே சுருளும். முதலில் வெளியே நிற்பவரின் சப்பாத்துத் தெரியும், பிறகு இடுப்பு, கடைசியாக முகம். முகம் தெரியும்வரை தண்ணீர்க் குழாயை நிறுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மத்தியானத்துக்குள் ஒன்பது லொறிகள் வந்தன.