திருப்பி ஒட்டிய கடற்பஞ்சு

மண்புழுவைக் கையில் எடுத்தால் என்னோடு விலங்கியல் படித்த பெண்களுக்குக் குமட்டும். எனக்கு ஒருநாளும் குமட்டியதில்லை. குமட்டியதெல்லாம் பிறகுதான், சிவகாசி அச்சகத்தில் ஒரு பள்ளிச் சார்ட்டின் புரூபைக் கையில் வாங்கியபோது.

புரூப் திருத்துவது என் வேலை. 'முதுகெலும்பில்லாத விலங்குகளின் உடல் சமச்சீர்' என்று தலைப்பு. படம் போட்ட தம்பி அதுவரை பட்டாசு லேபிள் மட்டுமே செய்தவர். லேபிளில் பாதியைத்தான் வரைவார்கள். மறுபாதியைக் கம்ப்யூட்டரில் திருப்பி ஒட்டிவிடுவார்கள். இங்கும் அதே கைவரிசை. வண்ணத்துப்பூச்சி தப்பித்தது. நட்சத்திர மீனுக்கு ஆறு கை. நத்தைக்கு ஓட்டின் இரண்டு பக்கமும் தலை! கோணல்மாணலாகப் பாறையில் அப்பிக் கிடக்க வேண்டிய கடற்பஞ்சு, பூச்சாடி மாதிரி லட்சணமாக நின்றது. போதாததற்கு, அதைச் 'சமச்சீரற்றவை' கட்டத்திலிருந்து எடுத்து 'இருபக்கச் சமச்சீர்' கட்டத்துக்குள் வேறு மாற்றி வைத்திருந்தார். சீ என்றாகிவிட்டது எனக்கு.

மூன்றையும் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டு முதலாளியிடம் போனேன்.

"மீனையும் நத்தையையும் மாத்தச் சொல்லுதேன். அது எவனுக்கும் தெரிஞ்சிரும். இந்தப் பஞ்சை யாரும்மா பாத்திருக்கா? ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருந்தாத்தான் பாக்க நல்லாருக்கும். ஸ்கூல் தொறக்கமுன்ன லோடு போகணும். கையெழுத்தப் போடுங்க."

வேலை போய்விடும் என்ற பயம்கூட இல்லை. வாதாட அலுப்பு, அவ்வளவுதான். போட்டேன்.

அந்த வருடக் காலாண்டுத் தேர்வில் என் மகள் கடற்பஞ்சு சமச்சீரற்றது என்று எழுதியிருந்தாள். நான் சொல்லிக் கொடுத்தது. குறுக்கே சிவப்புக் கோடு. கோபம் தலைக்கேறி, அவளையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். டீச்சர் நிதானமாகச் சுவரைக் காட்டினார். பூச்சாடி பளபளவென்று தொங்கியது.

"பாருங்க, சார்ட்டுலயே போட்டிருக்கு. சயின்ஸ் படிச்சவுக சரிபாக்காமலா இம்புட்டுப் பெரிசா அச்சடிப்பாக?"

சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டதே நான்தான் என்று வாய் வரை வந்தது. விடைத்தாளை மடித்துப் பையில் வைத்தேன். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து, 'கடற்பஞ்சு இருபக்கச் சமச்சீர் உடையது' என்று நோட்டில் ஐந்து முறை எழுதினாள். டீச்சர் எழுதிவரச் சொல்லியிருந்தார். மூன்றாவது வரியில் 'சமச்சீர்' எழுத்துப்பிழையாக இருந்தது. அதைத் திருத்திக் கொடுத்தேன்.