சவரக்கத்தி செய்பவனின் மீசை

சவரக்கத்தி செய்து பிழைப்பவனுக்குக் கடையில் விளம்பரப் பலகை தேவையில்லை. அவன் முகமே போதும். தாங்கள் சமைத்ததைத் தாங்களே முதலில் சாப்பிட்டாக வேண்டிய ஓட்டல்காரர்களே, தாங்கள் தைத்த சட்டையைத் தாங்களே போட்டுக் காட்ட வேண்டிய தையல்காரர்களே, உங்களுக்கு என் கஷ்டம் சொல்லாமலே புரியும்.

எழுபதுகளின் கடைசியில் காளவாசலில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. தேய்ந்த அரத்தைக் காய்ச்சி அடித்துக் கத்தி செய்வேன். பெயர்ப்பலகை செய்கிற கடையில் கழித்துப் போட்ட பிளாஸ்டிக் தகட்டில் பிடி. மற்றவர்கள் கறுப்புக் கொம்பில் பிடி போட்டபோது நான் சிவப்பு, ஊதா, மயில் நீலம் என்று கேட்ட நிறத்தில் போட்டுக் கொடுத்தேன். அதனால் சலூன்காரர்கள் தேடி வந்தார்கள். ஒரு வழக்கத்தையும் கூடவே கொண்டு வந்தார்கள். புதுக் கத்தியைச் செய்தவன் முகத்தில்தான் முதலில் ஓட்டிப் பார்ப்பார்கள். கன்னத்தில் எந்தக் கத்தியும் ஓடும், மூக்குக்குக் கீழே ஓடுவதுதான் கத்தி என்பது அவர்கள் கட்சி. ஆக, மதுரையில் ஆண்பிள்ளையாகப் பிறந்தும் எனக்கு மீசை கிடையாது.

கல்லுப்பட்டிச் சம்பந்தம்

டி. கல்லுப்பட்டிப் பக்கம் பெண் பார்த்தார்கள். பெயர் பேச்சியம்மாள். காப்பியை நீட்டும்போது என் நகக்கண்ணில் இருந்த பட்டறைக் கரியைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். எனக்கு அங்கேயே மனசு போய்விட்டது. இந்தப் பெண் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பெண்ணின் அப்பா பருத்தி விவசாயி. இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை அவருக்கு. என் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், கிளம்பும்போது என் தாய்மாமனிடம் முடிவைச் சொன்னார்.

"பையன் நல்ல பையந்தான். ஆனா மழுமழுன்னு இருக்கிற மூஞ்சிக்குப் பொண்ணக் குடுத்தா ஊருல சிரிப்பாக. தை பொறக்கிறதுக்குள்ள மீசைய வளத்துக்கிட்டு வரட்டும், தாலி கட்டட்டும். இல்லேன்னா வேற எடம் பாத்துக்கிறோம்."

கொழுந்து வெற்றிலை

மீசை அரும்பத் தொடங்கிய நேரம் சோழவந்தானிலிருந்து ஒரு சலூன்காரர் வந்தார். கொடிக்காலில் கிள்ளிய கொழுந்து வெற்றிலையைக் கொடுத்து, அந்தப் பச்சையில் பிடி வேண்டும் என்றார். வெற்றிலையை உலைக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியில் குத்தி வைத்தேன். பிறகு தகடு தேடிக் கடை கடையாக அலைந்தேன். அதற்குள் உலைச் சூட்டில் வெற்றிலை நிறம் மாறியது எனக்கு உறைக்கவில்லை. ஆணியில் இருந்த நிறத்துக்கு இம்மி பிசகாத தகட்டைப் பிடித்து, இழைத்து, மெருகேற்றி வைத்தேன். பழுத்த மஞ்சள்.

வந்தவர் கத்தியைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் இருந்த கோபத்தில் முகத்தைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன். அரும்பு போயிற்று. எனக்கு அழுகை வராத குறைதான். அவர் நிதானமாக என் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார்.

"கத்தி தங்கமா ஓடுதுண்ணே. ஆனா நான் குடுத்தது கொழுந்து, நீங்க குடுத்தது சருகு."

இரண்டு நிறப் பிடி

மறுபடி அரும்பியது. எங்கள் காளவாசல் சலூன்காரர் ஒருவர் பிடியின் இரண்டு பக்கமும் வேறு வேறு நிறம் கேட்டார், அழகுக்காக. அது ஒரு கட்சிக் கொடியின் நிறம் என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கடையில் ஆள் காத்திருந்ததால் என் முகத்தில் ஓட்டாமலே வாங்கிக்கொண்டு போனார். தேர்தல் நேரம் வேறு. மாற்றுக் கட்சிப் பிரமுகர் ஒருவர் பாதிச் சவரத்தில் கண்ணைத் திறந்திருக்கிறார். கத்தியைப் பார்த்ததும் ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு எழுந்து போய்விட்டார். சலூன்காரர் கத்தியோடு என்னிடம் ஓடி வந்தார். எந்தக் கட்சியும் உரிமை கொண்டாட முடியாத, கண்ணாடி போன்ற தகட்டில் பிடியை மாற்றிக் கொடுத்தேன். இருந்த கலக்கத்தில் என் முகத்தில் ஓட்டிப் பார்க்க அவர் மறந்தே போனார். வாசலில் நின்று புலம்பினார்.

"ஒத்தக் கன்னச் சவரத்தோட மீட்டிங்குக்குப் போயிருக்காருண்ணே. மைக்குல என் கடைப் பேரச் சொல்லாம இருக்கணும்."

மார்கழியில் வந்த மாமனார்

அதன்பிறகு நான் உஷாரானேன். வாயைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, வருகிற சலூன்காரர்களிடம் பல்வலி என்றேன். மார்கழியில் மீசை முறுக்குகிற பதத்துக்கு வந்துவிட்டது. கல்யாணத் தேதியும் குறித்தாயிற்று. அந்தச் சமயம் மாமனார் தங்கள் ஊர்ச் சலூன்காரர் முத்தையாவைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். மீசையை அவர் பார்க்கட்டும் என்று துண்டை அவிழ்த்துவிட்டேன். வீட்டுக் கல்யாணத்துக்கு முத்தையாவுக்குப் புதுக் கத்தி வாங்கிக் கொடுப்பது அவர்கள் முறை. ரோஸ் நிறப் பிடி ஒன்றை எடுத்தார்கள். முத்தையா விரலில் பதம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உக்காருங்க தம்பி. செஞ்சவுக மூஞ்சியில ஓட்டாம கத்திய வாங்க மாட்டோம்."

உட்கார்ந்தால் மீசை போகும். உட்காராவிட்டால் தன் கத்தியையே நம்பாத பயல் என்று ஆகும். எப்படிப் பார்த்தாலும் பேச்சியம்மாள் எனக்கு இல்லை. கண் கலங்கிவிட்டது. மாமனார் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

"கல்யாணத்த வச்சுக்கிட்டு மாப்ள மூஞ்சியில கத்தி வைக்காத முத்தையா. என் மூஞ்சியில ஓட்டு" என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் நினைத்தது கன்னத்தை. முத்தையாவின் கை பழக்கத்தில் நேராக மூக்குக்குக் கீழே போனது. நான் குரல் கொடுப்பதற்குள் முறுக்கு மீசையில் வலது பாதி துண்டில் விழுந்துவிட்டது. முத்தையா கத்தியைச் சட்டென்று எடுத்துவிட்டார்.

மாமனார் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். மிச்சத்தையும் எடுக்கச் சொன்னார். எடுத்து முடித்ததும் மேலுதட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். கடைசியில் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"கத்தி நல்லாத்தான் ஓடுது மாப்ள. தேதிய மாத்த வேணாம். ஊருல கேட்டா வேண்டுதல்னு சொல்லிக்கிறேன்."

இந்தத் தொழிலில் நிலைக்க நல்ல அரமும் நல்ல தகடும் இருந்தால் மட்டும் போதாது ஐயா, நம் முகத்துக்குப் பதிலாகத் தன் முகத்தை நீட்டுகிற ஒரு மாமனாரும் வாய்க்க வேண்டும்.